பீலே ஜெர்சி மாட்டி ஆடிய பெய்ரூட் கிளப்... ‘நெஜ்மே’ எல்லாருக்கும் பொதுவான அணியா?

1975 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் உள்ள ஸ்போர்ட்ஸ் சிட்டி ஸ்டேடியத்தில் கால் வைக்க இடமில்லை. சுமார் 40,000 பேர் வந்திருந்ததாகச் சொல்கிறார்கள். காரணம், அன்றைக்கு உள்ளூர் அணி ஒன்றின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கியவர் பீலே!

மூன்று உலகக் கோப்பைகளை ஜெயித்த பீலே, சான்டோஸ் கிளப்பிலிருந்து விடைபெற்று சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நியூயார்க் காஸ்மோஸில் அவர் சேர இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் நடந்த இந்தக் காட்சி ஆட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் அடித்தார். பெய்ரூட் கொண்டாடித் தீர்த்தது.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13. இதே நகரின் ஐன் அல் ரும்மானே பகுதியில் பாலஸ்தீனர்கள் வந்த பஸ் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லெபனான் உள்நாட்டுப் போர் தொடங்கிய நாள் என்று வரலாறு குறித்து வைத்திருப்பது அந்த நாளைத்தான். அடுத்த 15 ஆண்டுகள் போர் ஓயவில்லை. சுமார் ஒன்றரை லட்சம் பேர் உயிரிழந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

பீலே போட்டது எந்த அணியின் ஜெர்சி? அதுதான் ‘நெஜ்மே’. லெபனானில் அதிக ரசிகர்களைக் கொண்ட கால்பந்து கிளப் என்று பெயரெடுத்த அணி. கால்பந்து கிளப்களைக்கூட மதமும் கட்சியும் பங்கு போட்டுக்கொண்ட நாட்டில், ‘நாங்க எல்லாருக்கும் பொது’ என்று சொல்லிக்கொண்ட கிளப். அது எந்த அளவுக்கு உண்மை?

அது என்ன ‘நெஜ்மே’?

அரபு மொழியில் நெஜ்மே என்றால் நட்சத்திரம். பிரான்ஸிடமிருந்து லெபனான் சுதந்திரம் பெற்றது 1943-ல். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1945-ல், பெய்ரூட்டின் மேற்கு ஓரத்தில் உள்ள ராஸ் பெய்ரூட் பகுதியில் இந்தக் கிளப் பிறந்தது.

பிறந்த இடம் இங்கே முக்கியம். ராஸ் பெய்ரூட் என்பது பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் இருக்கும் ஏரியா. முஸ்லிம், கிறிஸ்தவர், வெளிநாட்டு மாணவர், வியாபாரி என எல்லாரும் கலந்து வாழ்ந்த பகுதி. கிளப்பின் மைதானம் இருப்பது அங்கே கடலோரமாக உள்ள மனாராவில். மனாரா என்றால் கலங்கரை விளக்கம்.

அணியின் நிறம் ஒயின் சிவப்பு. ரசிகர்கள் அணியைச் செல்லமாகக் கூப்பிடும் ‘நபீதி’ என்ற பெயருக்கும் அரபு மொழியில் அந்த நிறம் என்றுதான் அர்த்தம்.

ஆனால், பிறந்தவுடனே கோப்பைகளைக் குவித்த அணி இல்லை இது. ஆரம்ப காலத்தில் லெபனான் கால்பந்தில் ஹோமெனெட்மென், ஹோமென்மென் ஆகிய ஆர்மீனிய கிளப்களின் கைதான் ஓங்கியிருந்தது. நெஜ்மே முதன்முதலாக லீக் சாம்பியன் ஆனது 1973-ல். இரண்டாவது முறை 1975-ல். அதாவது, பீலே வந்து போன அதே சீசன்.

மூன்றாவது பட்டத்துக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் இருந்த 25 ஆண்டுகளில் பாதிக்கு மேல் போர் விழுங்கிவிட்டது. 1975-க்குப் பிறகு 1987 வரை லீக் பட்டம் யாருக்குமே இல்லை. பீலே ஆடிய ஸ்போர்ட்ஸ் சிட்டி ஸ்டேடியம் 1982-ல் இஸ்ரேல் படையெடுப்பின்போது குண்டுவீச்சில் தரைமட்டமானது. அதைத் திரும்பக் கட்டி முடித்தது 1997-ல்தான்.

கிளப்புக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம்?

லெபனானைப் புரிந்துகொள்ளாமல் அதன் கால்பந்தைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட மதப் பிரிவுகள் மட்டும் 18. ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவராகவும், பிரதமர் சன்னி முஸ்லிமாகவும், சபாநாயகர் ஷியா முஸ்லிமாகவும் இருப்பது எழுதப்படாத ஒப்பந்தம். அரசு வேலை தொடங்கி ராணுவப் பதவி வரை எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு உண்டு.

இந்தக் கணக்கு அப்படியே கேலரிக்கும் வந்தது. தோராயமாகச் சொன்னால் படம் இப்படி:

அன்சார் – சன்னி முஸ்லிம்கள் அதிகம் வாழும் தாரிக் அல் ஜதீதே பகுதியின் செல்லப்பிள்ளை. பச்சை ஜெர்சி.

அஹத் – ஷியா அணி. ஹிஸ்புல்லா அமைப்புடன் நெருக்கமான தொடர்புள்ளதாக அறியப்படுவது. மஞ்சள் ஜெர்சி.

சஃபா – ட்ரூஸ் சமூகத்தின் ஆதரவு பெற்றது.

ரேசிங் பெய்ரூட், ஹிக்மே – கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் அஷ்ரஃபியே பகுதியின் அணிகள்.

இதற்காக, ஓர் அணியில் ஒரே மதத்து ஆட்கள்தான் ஆடுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வீரர்கள் எல்லா அணிகளுக்கும் மாறி மாறிப் போவார்கள். யார் பணம் போடுகிறார்கள், கேலரியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரசிடம் விளையாட்டுக்கென்று பெரிதாகப் பணம் இல்லை. கிளப் நடத்த காசு வேண்டும். காசு அரசியல்வாதியிடம் இருந்தது. அவருக்கோ வாரா வாரம் கொடி பிடிக்கும் இளைஞர் கூட்டம் தேவைப்பட்டது. ரெண்டு பேருக்கும் லாபம்!

நெஜ்மே மட்டும் இதற்கு விதிவிலக்கா? முழுசாக இல்லை. 2000-களின் தொடக்கத்தில் கிளப், முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரியின் வட்டத்துக்குள் வந்தது. மனாரா மைதானத்துக்கே அவர் பெயர்தான். ஹரீரி சன்னி தலைவர். ஆனால் நெஜ்மே கேலரியில் சன்னிகளுக்குச் சமமாக ஷியாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிற பிரிவினரும் வந்தார்கள். மேலே நிர்வாகம் ஒரு கட்சி, கீழே கேலரி பல கட்சி. இந்தக் கலவைதான் நெஜ்மேயின் பலம். அரசியல் சூடாகும்போது அதுவே அதன் தலைவலியும்கூட.

அன்சார்: 11 பட்டங்கள் தொடர்ச்சியாக!

பெய்ரூட்டில் ‘டெர்பி’ என்று சொன்னால் அது நெஜ்மே – அன்சார் ஆட்டம்தான். ரெண்டும் ஒரே நகரம். ரெண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம்.

1951-ல் தொடங்கப்பட்ட அன்சார், போர் முடியும் தறுவாயில் எழுந்தது. அதன் பயிற்சியாளர் அத்னான் அல் ஷர்க்கி பல பத்தாண்டுகள் அந்த ஒரே கிளப்பைக் கட்டி மேய்த்தவர். 1988-ல் லீக்கை வென்ற அன்சார், அதன் பிறகு 1999 வரை நடந்து முடிந்த அத்தனை லீக்கையும் வென்றது. மொத்தம் 11 பட்டங்கள், தொடர்ச்சியாக. அந்தக் காலத்தில் இது கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த உலக சாதனை.

யோசித்துப் பாருங்கள். நெஜ்மே ரசிகர் ஒருவர் 1988-ல் பத்து வயதுப் பையன் என்றால், காலேஜ் முடிக்கும் வரை எதிரணியின் கொண்டாட்டத்தை மட்டும்தான் பார்த்திருப்பார்!

அந்தச் சங்கிலியை 2000-ல் அறுத்தது வேறு யாருமில்லை, நெஜ்மேதான். அடுத்த சீசனை மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தால் லீக் நிர்வாகமே ரத்து செய்துவிட்டது. பிறகு 2002, 2004, 2005 என நெஜ்மே மூன்று பட்டங்களை அள்ளியது. அந்தப் பொற்காலத்தின் முகம், நடுக்கள வீரர் மூசா ஹுஜைஜ். பின்னாளில் இதே கிளப்புக்குப் பயிற்சியாளராகவும் வந்தவர்.

2005-ல் இன்னொரு படி மேலே போனது நெஜ்மே. ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பையில் ஃபைனல் வரை வந்தது. எதிரே ஜோர்டானின் அல் ஃபைசலி. பெய்ரூட்டில் 0-1, அம்மானில் 2-3. ரெண்டு ஆட்டங்களிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. கோப்பை கைநழுவியது.

அந்த ஆண்டு பிப்ரவரி 14-ம் தேதிதான் ரஃபீக் ஹரீரி பெய்ரூட் கடற்கரைச் சாலையில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டிருந்தார். நாடு ரெண்டு முகாமாகப் பிளந்து நின்றது.

2007 ஜூன் 13: மைதானத்தின் வாசலில்

ஹரீரி கொலைக்குப் பிறகு பெய்ரூட்டில் அரசியல்வாதிகளைக் குறிவைத்து அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 2007 ஜூன் 13-ம் தேதி குறிவைக்கப்பட்டவர், ஹரீரி தரப்பைச் சேர்ந்த எம்.பி. வாலித் ஈதோ. கார் குண்டு வெடித்த இடம், மனாரா கடற்கரை. நெஜ்மே மைதானத்துக்குப் பக்கத்திலேயே.

எம்.பி.யும் அவருடைய மகனும் உட்பட 10 பேர் அதில் இறந்தார்கள். அந்தப் பத்தில் இருவர், ஹுசைன் தொக்மாக் மற்றும் ஹுசைன் நயீம். இருவருமே நெஜ்மே வீரர்கள்.

அவர்களை யாரும் குறிவைக்கவில்லை. அவர்களுக்கும் அந்த அரசியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தங்கள் கிளப்பின் பக்கத்தில் அந்த நேரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். ‘அரசியலை மைதானத்துக்கு வெளியே நிறுத்திட்டு வாங்க’ என்று சொல்வது சுலபம். மனாராவில் அன்றைக்கு மைதானத்துக்கு வெளியேதான் குண்டு வெடித்தது.

கேலரிக்குப் பூட்டு

இன்னொரு தண்டனையும் வந்தது. இம்முறை ரசிகர்களுக்கு. 2006-ல் இஸ்ரேலுடன் போர், உள்ளே சன்னி – ஷியா பதற்றம். ஸ்டேடியத்தில் தொடங்கும் கைகலப்பு தெருவில் துப்பாக்கிச் சண்டையாக மாறிவிடுமோ என்று பயந்த அரசு, ரசிகர்களை உள்ளே விடவே மறுத்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்தத் தடை நீடித்தது.

கொரோனா காலத்தில் காலி கேலரிகளைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட்டோம். லெபனான்காரர்களுக்கு அது பழைய அனுபவம். வைரஸுக்காக இல்லை, ஒருவருக்கொருவர் பயந்து கேலரியைப் பூட்டியவர்கள் அவர்கள்.

இதில் அதிகம் அடிவாங்கியது நெஜ்மே போன்ற கிளப்தான். கூட்டம்தான் அதன் சொத்து. டிக்கெட் பணமும் போச்சு, சத்தமும் போச்சு. 2009-ல் நெஜ்மே மறுபடியும் சாம்பியன் ஆனது இந்தத் தடைக்காலத்தின் நடுவில்தான்.

கதவு திறந்தது 2011-ல். அந்த நவம்பரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், லெபனான் தேசிய அணி இதே ஸ்போர்ட்ஸ் சிட்டியில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தியது. எல்லாப் பிரிவினரும் ஒரே கொடியோடு ஆடிய நாள் அது. ஒரே ராத்திரியில் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் கூட்டம் கூடினால் சண்டைதான் வரும் என்ற கணக்கு அன்றைக்குப் பொய்த்துப்போனது.

நெஜ்மே ரசிகர்கள் 2018-ல் ‘அல்ட்ராஸ் சூப்பர்நோவா’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஐரோப்பிய பாணியில் பேனர், பாட்டு, ஒளிவெள்ளம் என அமர்க்களப்படுத்தும் இப்படியொரு குழு லெபனானுக்கு அதுதான் முதல்முறை. பெயரைக் கவனித்தீர்களா? வெடிக்கும் நட்சத்திரம்!

அஹத்: புதிய பகை

அன்சாருடனான போட்டி பழைய அக்கம்பக்கத்துப் பகை என்றால், அஹத்துடனான போட்டி புதுசு. 2008-ல்தான் அஹத் முதன்முதலாக லீக்கை வென்றது. அதன் பிறகு வேகம் பிடித்தது. 2023-க்குள் ஒன்பது பட்டங்கள்.

நெஜ்மே 2005-ல் தவறவிட்டதை அஹத் 2019-ல் சாதித்தது. கோலாலம்பூரில் நடந்த ஏ.எஃப்.சி. கோப்பை ஃபைனலில் வட கொரியாவின் ‘ஏப்ரல் 25’ அணியை 1-0 என வென்று, அந்தக் கோப்பையைத் தூக்கிய முதல் லெபனான் கிளப் ஆனது. நெஜ்மே கேலரியில் ஷியா ரசிகர்களும் கணிசம் என்பதால், இந்த ஆட்டத்தை வெறும் சன்னி – ஷியா சண்டையாகச் சுருக்கிவிட முடியாது. அஹத் வந்தால் தன் வீட்டிலேயே, தன் தெருவிலேயே பலரைப் பகைத்துக்கொண்டு நெஜ்மேக்குக் கத்துபவர்கள் அவர்கள்.

ஜெர்சி மாறிய கேப்டன்

இந்த மூன்று அணிகளின் கதையையும் ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிடலாம். அவர் ஹசன் மாத்தூக். லெபனான் தேசிய அணிக்காக அதிக கோல்கள் அடித்தவர், 100 ஆட்டங்களைத் தாண்டியவர், நீண்ட நாள் கேப்டன்.

மாத்தூக் வளர்ந்தது அஹத்தில். பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தில் பல கிளப்களுக்கு ஆடினார். 2017-ல் ஊர் திரும்பியபோது சேர்ந்தது நெஜ்மேயில். ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். இரண்டே ஆண்டுகளில், 2019-ல், அவர் போய்ச் சேர்ந்த இடம்... அன்சார்!

கதை அத்தோடு முடியவில்லை. 2019-20 சீசன் பொருளாதார நெருக்கடியாலும் கொரோனாவாலும் பாதியில் ரத்தானது. லெபனான் பவுண்டின் மதிப்பு 90 சதவிகிதத்துக்கும் மேல் சரிந்த காலம் அது. 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுக வெடிப்பு நகரத்தையே உலுக்கியது. இத்தனைக்கும் பிறகு நடந்த 2020-21 லீக்கின் பட்டம், கடைசி நாள் ஆட்டத்தில்தான் முடிவானது. மோதியது நெஜ்மேயும் அன்சாரும். 2-1 என அன்சார் ஜெயித்தது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு லீக் பட்டம். கேப்டன், மாத்தூக்.

இந்திய ரசிகர்களுக்கும் இவர் தெரிந்த முகம்தான். 2023 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த சாஃப் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? பெனால்டி ஷூட் அவுட்டில் லெபனானின் முதல் உதையை குர்பிரீத் சிங் சந்து பாய்ந்து தடுத்தாரே, அதை அடித்தவர் மாத்தூக்தான்.

திம்புவில் ஒரு வெள்ளிக்கிழமை

2024-ல் நெஜ்மே மறுபடியும் லீக் சாம்பியன். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்தப் பட்டத்தோடு மொத்தம் ஒன்பது. கொண்டாட்டம் அதிக நாள் நிலைக்கவில்லை. அந்த செப்டம்பரில் இஸ்ரேல் – ஹிஸ்புல்லா மோதல் முழுப் போராக வெடித்தது. பெய்ரூட்டின் தெற்குப் புறநகரில் தினமும் குண்டுகள் விழுந்தன. உள்ளூர் லீக் முடங்கியது.

ஆனால் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் லீக் ஆட்டங்களின் தேதி முன்பே முடிவாகியிருந்தது. ஊரில் போர் நடந்துகொண்டிருக்க, நெஜ்மே அணி பூட்டான் தலைநகர் திம்புவுக்குப் போனது. ஒரே பிரிவில் வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ், பூட்டானின் பாரோ, நம் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் நெஜ்மே வென்றது. நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, ஈஸ்ட் பெங்காலுடன் கடைசி ஆட்டம். ஆரம்பத்திலேயே 0-2 எனப் பின்தங்கி, பிறகு 2-2 என மீண்டு வந்தது. கடைசியில் டயமன்டாகோஸ் அடித்த பெனால்டியால் 3-2 என ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து காலிறுதிக்குப் போனது. இந்தியாவில் அன்றைக்குச் செய்தி, ஈஸ்ட் பெங்காலின் வெற்றி. அது சரிதான். தோற்ற அணி எந்த ஊரிலிருந்து, எந்த நிலைமையில் வந்து ஆடியது என்பதைத்தான் நாம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

போர் நிறுத்தம் வந்தது நவம்பர் 27-ல். லீக்கும் மறுபடி ஓடியது. 2025-ல் சாம்பியன் ஆனது யார் தெரியுமா? அன்சார். அவர்களுக்கு 15-வது பட்டம். டெர்பி கணக்கு மறுபடியும் தொடங்கிவிட்டது.

அப்போ, எல்லாருக்குமான கிளப்பா?

நேர்மையான பதில்: பாதி உண்மை. நெஜ்மேயின் நிர்வாகத்தில் அரசியல் இருந்திருக்கிறது, பணம் அரசியல்வாதிகளிடமிருந்து வந்திருக்கிறது, கேலரியில் மதக் கோஷங்களும் கேட்டிருக்கின்றன. அதை மறைத்துவிட்டு, கால்பந்து நாட்டை ஒன்றாக்கிவிட்டது என்று கதைவிட முடியாது.

மீதிப் பாதியும் உண்மைதான். லெபனானில் ஒருவர் எந்தப் பள்ளியில் படிப்பார், எந்த ஏரியாவில் வீடு எடுப்பார், யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவர் பிறந்த மதப் பிரிவே முடிவு செய்துவிடுகிறது. எந்த அணிக்குக் கத்துவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்யலாம். சன்னி வீட்டுப் பையனும் ஷியா வீட்டுப் பையனும் ஒரே ஒயின் சிவப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார, நெஜ்மே கேலரி ஒரு இடம் கொடுத்தது. அந்த நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை.

பீலே ஆடிய ஸ்போர்ட்ஸ் சிட்டி இன்றைக்குப் பராமரிப்பில்லாமல் கிடக்கிறது. மனாராவில் கடலைப் பார்த்தபடி நெஜ்மேயின் சின்ன மைதானம் இன்னும் இருக்கிறது. தொக்மாக்கும் நயீமும் கடைசியாக நடந்த தெரு அதன் பக்கத்தில்தான்.